பரப்பு போதாது

வாரியத்து இன்ஸ்பெக்டர் வந்த நேரத்தில் ஓனீடா ஸ்டாம்பர் ஒரு வெள்ளைக் கோழியின் கழுத்தைக் கட்டையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் காலை வணக்கம் சொன்னார். கோடாலி இறங்கியது. தலை கட்டையடியிலேயே கிடக்க, தலையில்லாத கோழி எழுந்து நேராக ஓடி வந்து அவருடைய இஸ்திரி போட்ட கால்சட்டையில் முட்டி விழுந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் கண்ணெல்லாம் வாசலில் நின்ற சின்ன வண்டியின் மேல் இருந்தது.

சிவப்பாக இருந்து வெளுத்துப்போன வண்டி. ரெண்டே கதவு, உள்ளே ஒரே ஒரு நீள சீட், பின்னால் கோழிக்கூண்டு அடுக்க ஒரு சின்னத் தொட்டி. அவ்வளவுதான் வண்டி. ஓனீடாவின் புருஷன் வெர்லின் ஸ்டாம்பர் அதில்தான் முட்டையும் கோழியும் ஏற்றிக்கொண்டு டாக்கெட் கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுக்கச் சுற்றி வந்தான். ஓனீடாவை ஊருக்குள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். சர்க்கரை வியாதியில் அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த வண்டியின் சீட் நாற்காலி உயரம்தான். கம்பை ஊன்றித் திரும்பி உட்கார்ந்து, இருக்கிற காலை உள்ளே இழுத்துக்கொண்டால் முடிந்தது. உலகத்தில் யாரும் தூக்கிவிடாமல் தான் ஏறி உட்காருகிற இடம் இது ஒன்றுதான் என்று அவள் சொல்லுவாள்.

வீட்டுக்கு வர டர்ட்டில் ஓடையின் மேல் இருக்கிற மரப்பாலம் ஒன்றுதான் வழி. அந்தப் பாலத்தில் இந்த வண்டி போகும், பசுமாடு போகும். வேறு எதுவும் போகாது. இன்ஸ்பெக்டரே தன்னுடைய மலை மாதிரி வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதான் வந்திருந்தார். அவர் பெயர் நேப்பியர். வயசுப் பையன், நல்ல மரியாதைக்காரன். வெர்லினிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அளந்தான், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே அளந்தான், ரெண்டையும் பெருக்கிப் பார்த்து நாக்கை 'த்ச்' என்று தட்டினான்.

"பரப்பு போதாதுங்க, மிஸ்டர் ஸ்டாம்பர்."

"எதுக்குப் போதாது?"

"இருக்கிறதுக்கு," என்றான் நேப்பியர்.

இலகு வாகனப் பரப்பு வாரியம் என்று ஒன்று இருப்பதே அதுவரை டாக்கெட் கவுண்டியில் யாருக்கும் தெரியாது. வாரியம் நல்ல எண்ணத்தில்தான் பிறந்தது. வண்டிகள் எண்ணெய் குடிப்பதைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரிய வண்டி பாவம் எப்படிக் குறைவாகக் குடிக்கும் என்று கம்பெனிக்காரர்கள் போய் அழுதார்கள். வாரியம் அவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டது. நாலு சக்கரத்துக்கு நடுவே எவ்வளவு பரப்போ அவ்வளவு சலுகை என்று விதி எழுதியது. கம்பெனிக்காரர்கள் என்ன கேனையர்களா? எண்ணெயைக் குறைக்கிற தலைவலி எதற்கு என்று சக்கரங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். வருஷத்துக்கு வருஷம் வண்டி பெருத்தது. சின்ன வண்டி செய்தால் பாடு அதே பாடு, லாபம் மட்டும் சொட்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொருவராகச் சின்ன வண்டி செய்வதையே விட்டுவிட்டார்கள். இதில் வாரியத்துக்கு வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் வேலை இல்லாமல் போன வாரியம் என்று உலகத்தில் எங்கே இருக்கிறது? மலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சின்ன வண்டிகள் உயிரோடு இருக்கின்றன என்று கண்டுபிடித்து, ஆளும் டேப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கவுண்டி நீதிமன்றக் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். வாரியத்தின் இயக்குநர் டாக்டர் ப்ரூவிட் தலைநகரிலிருந்து வந்திருந்தார். மிகவும் குள்ளமான மனுஷன். பேசுகிற மேஜைக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் பேசினார். அவர் ஓட்டி வந்த வண்டியிலிருந்து இறங்கவும் தனியாக ஒரு ஆள் ஏணி வைத்தான். பக்கத்துப் பண்ணைக்கார எஸ்டில், வெர்லினின் சிநேகிதன், அவனிடமும் ஒரு சின்ன வண்டி இருந்தது. ரெண்டு பேரும் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்லின் எழுந்து, தன் வண்டி எண்ணெயே குடிப்பதில்லை, இதில் என்ன குற்றம் என்று கேட்டான்.

"அதுதாங்க குற்றம்," என்றார் ப்ரூவிட் பரிவோடு. "உங்க வண்டி கொஞ்சமா குடிக்குது. ஆனா அந்தச் சைஸுக்குச் சட்டம் அதைவிடக் கொஞ்சமா குடிக்கச் சொல்லுது. என் வண்டி அண்டா அண்டாவா குடிக்குது. ஆனா அந்தச் சைஸுக்குச் சட்டம் ரெண்டு அண்டா கூடவே குடிக்கலாம்னு சொல்லுது. அப்ப சட்டத்தை மதிக்கிறது யாரு, நானா நீங்களா?"

வெர்லின் யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. சரி, இதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்தாவது இப்படி ஒரு புது வண்டி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். ப்ரூவிட்டின் முகம் இறுகிவிட்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாக்காரன் நம் கோழிக்கு வரி போட்டான், அந்த ஆத்திரத்தில் நாம் வெளிநாட்டுச் சின்ன லாரிகளுக்கு வரி போட்டோம், அந்தச் சண்டை போட்டவர்களும் செத்தார்கள், கோழிகளும் செத்தன, வரி மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது என்று விளக்கினார். அப்புறம் வெர்லினைச் சந்தேகமாகப் பார்த்து, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். கோழி வளர்க்கிறேன் என்றான் வெர்லின்.

"அப்ப இதெல்லாம் உங்களாலதான்," என்றார் ப்ரூவிட்.

கடைசியாகப் பாதுகாப்புக்கு வந்தார்கள். பெரிய வண்டியும் சின்ன வண்டியும் மோதிக்கொண்ட இடங்களில் செத்துப்போனவர்கள் அத்தனை பேரும் சின்ன வண்டிக்குள் இருந்தவர்கள்தான், பெரிய வண்டிக்குள் இருந்தவர்கள் கையில் இருந்த காப்பிகூடச் சிந்தவில்லை, இதிலிருந்தே சின்ன வண்டி எவ்வளவு ஆபத்தானது என்று தெரியவில்லையா என்று ப்ரூவிட் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அவங்க மேல மோதினது எது என்று எஸ்டில் உட்கார்ந்தபடியே கேட்டான். அது வேறு துறை என்றார் ப்ரூவிட்.

எஸ்டில் பொறுமைசாலி இல்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வீசினான். அது ப்ரூவிட்டின் தலைக்கு மேலே போய், பின்னால் நின்ற காவலனின் முன்பல் ரெண்டை எடுத்துக்கொண்டு போய் விழுந்தது. ப்ரூவிட் சாதாரண உயரம் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார். காவலர்கள் எஸ்டிலைக் கீழே தள்ளி முட்டியால் அழுத்தினார்கள். அவன் ஒரு காவலனின் காதைக் கடித்தான். ரத்தத்தில் வழுக்கி எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு மேலே ப்ரூவிட் அதே நிதானமான குரலில் விசாரணையை முடித்து வைத்தார். வண்டியை நசுக்குகிற எந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் பரப்பைப் பெருக்கிக்கொண்டு வந்து காட்டலாம் என்றார்.

அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்த எஸ்டில் பெருக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினான். கொல்லன் ஒருவனைப் பிடித்து வண்டியைக் குறுக்கே அறுத்து, நடுவில் இரும்புக் குழாய் வைத்து ஒட்டி, அச்சை ரெண்டு பக்கமும் இழுத்து, இடைவெளியில் ரயில் தண்டவாளத்துக் கட்டைகளை அடைத்தான். நேப்பியர் வந்து அளந்து பார்த்து, பிரமாதம் என்று கை கொடுத்துவிட்டுப் போனான். எஸ்டில் அதை வீட்டுக்கு ஓட்டிப் போகிற வழியில் தேவாலயத்தின் வாசல் தூண் போயிற்று, வரிசையாக நின்ற தபால் பெட்டிகள் போயின, அதே தேவாலயத்து டீக்கன் ஒருவருடைய பசுவுக்கு ஒரு கொம்பு போயிற்று. வளைவில் வண்டி ஒட்டின இடத்தில் பிரிந்து, முன்பாதி ரோட்டோடு போக, பின்பாதி தனியாகப் பள்ளத்தில் இறங்கியது. எஸ்டில் முன்பாதியில் இருந்தான். தாடை மூன்றாக உடைந்தது. விலா எலும்பில் நல்லதாக எதுவும் மிஞ்சவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டிப் படுக்க வைத்திருந்த இடத்துக்கு வாரியத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. வண்டியின் பரப்பு முழுமையாகப் போதுமானது என்று அதில் பொன் எழுத்தில் இருந்தது.

வெர்லின் பயந்துபோனான். ஊருக்குள் வண்டிக் கடைக்குப் போய், ரெண்டு கதவு வைத்த சின்ன வண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். கடைக்காரன் பின்பக்கம் திரும்பி எல்லோரையும் கூப்பிட்டு, இவர் கேட்பதைக் கேளுங்கள் என்றான். எல்லோரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் 'கிராண்ட் மார்ஷல்' என்று ஒன்றைக் காட்டினான். நாலு கதவு. அதன் மூக்கு வெர்லினின் கழுத்து உயரத்துக்கு வந்தது. உள்ளே குடும்பம் நடத்தலாம், பின்னால் தொட்டியில் நாலு கூண்டு வைத்தால் நிறைந்துவிடும். இது பாலத்தில் போகாதே என்றான் வெர்லின். பாலத்தை மாற்றுங்கள் என்றான் கடைக்காரன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சோள ரொட்டியைப் பீன்ஸில் தோய்த்துக்கொண்டே வெர்லின் எல்லாவற்றையும் சொன்னான்.

"வண்டி போச்சுன்னா நான் எப்படி ஊருக்குப் போவேன்?" என்று கேட்டாள் ஓனீடா.

"தெரியல."

"இன்னொரு காலையும் வெட்டிட்டா கூடையில தூக்கிட்டுப் போவியா?"

வெர்லின் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் நேப்பியரே ஒரு வழி கொண்டு வந்தான். அவனுக்கு உள்ளுக்குள் இவர்கள் மேல் இரக்கம் இருந்தது. கவுண்டித் திருவிழாவில் வாரியம் ஒரு பாதுகாப்புச் செயல்விளக்கம் நடத்தப் போகிறது, கிராண்ட் மார்ஷலை ஒரு சின்ன வண்டியின் மேல் மோதவிட்டு மக்களுக்குக் காட்டப்போகிறார்கள், அதற்கு வண்டி கொடுத்தால், மோதிய பிறகும் அது ஓடினால், ஆயுசுக்கும் அனுமதி என்று விதியில் இருக்கிறது என்றான். இதுவரை எந்த வண்டியாவது ஓடியிருக்கிறதா என்று வெர்லின் கேட்டான். நேப்பியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டான். வேறு போக்கு இல்லை. வெர்லின் ஒப்புக்கொண்டான்.

டாக்கெட் கவுண்டித் திருவிழா என்றால் அதன் உயிரே கடைசி நாள் மோதல் பந்தயம்தான். சேறு அடித்த வளையத்துக்குள் பழைய கார்களை இறக்கி, ஒன்றையொன்று இடித்து, கடைசியாக எது ஓடுகிறதோ அதற்குப் பரிசு. கூட்டமே சேர்ந்து பத்திலிருந்து தலைகீழாக எண்ணும். ஒன்று என்று சொன்னதும் எல்லோரும் பின்கியர் போட்டு, முன்னால் இருக்கிற ரேடியேட்டரைக் காப்பாற்றிக்கொண்டு, பின்பக்கத்தால் இடிப்பார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தச் சேற்று வளையத்தில் உட்கார்ந்து அந்த எண்ணிக்கையைக் காதில் கேட்டால் கால் தானாக அழுத்திவிடும்.

தலைநகரத்து ஆட்களுக்கு இது தெரியாது. வளையம் பெரிதாக இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது என்று அதே இடத்தையே பிடித்துவிட்டார்கள். பந்தயத்துக்கு முன்னால் செயல்விளக்கம். நடுவில் வெர்லினின் சின்ன வண்டி, உள்ளே ஓட்டுகிற இடத்தில் ஒரு ரப்பர் பொம்மை. சுற்றிலும் அலங்காரத்துக்காக வாரியத்தின் புத்தம் புதுக் கிராண்ட் மார்ஷல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளூர்க்காரனை உட்கார வைத்து, செயல்விளக்கம் முடிந்ததும் ஒரு சுற்று ஊர்வலம் போனால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ப்ரூவிட் மேடையில் தன் பெட்டியின் மேல் ஏறி, இங்கே நடக்கப் போவது வன்முறை அல்ல, கல்வி என்று பேசினார். பிறகு அறிவிப்பாளரைப் பார்த்து, எல்லாரையும் சேர்ந்து எண்ணச் சொல்லுங்க, உற்சாகமா இருக்கும் என்றார்.

கூட்டம் எண்ணியது.

'ஒன்று' வந்ததும் வாரியத்தின் சொந்த ஓட்டுநர், விதிப்படி, சின்ன வண்டியை நோக்கி ஒரே ஒரு கிராண்ட் மார்ஷலை ஓட்டினார். மற்ற எல்லா வண்டிகளும் பின்கியரில் பாய்ந்தன. முதல் இடியிலேயே வாரியத்து ஓட்டுநர் கதவோடு வெளியே வந்துவிட்டார். புது வண்டியின் பின்கதவுகள் தகரம் மாதிரி சுருண்டன. ரேடியேட்டர்கள் வெடித்து வெந்நீர் முன்வரிசையின் மேல் அடித்தது. ஒருவன் மூக்கு உடைந்து ரத்தம் ஒழுக ஒழுக, சிரித்துக்கொண்டே மறுபடி பின்கியர் போட்டான். ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்து கார்ன் டாக் பொரிக்கிற கடையின் கொதிக்கிற எண்ணெயில் விழுந்து கடை எரிந்தது. அடிபட்டவர்களை எடுக்க வந்த ஆம்புலன்ஸ்காரன் வளையத்துக்குள் இறங்கினான். அவனும் இந்த ஊர்க்காரன்தானே, வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தால் இடித்தான். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று ப்ரூவிட் ஒலிபெருக்கியில் அலறினார். அதுவும் பந்தயத்தின் ஒரு அங்கம் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

கடைசியில் எல்லாம் ஓய்ந்தது. புகை, முனகல், சொட்டுகிற எண்ணெய். நடுவில் சின்ன வண்டி ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்த எவனுக்கும் அது கண்ணில் படவே இல்லை. ரப்பர் பொம்மையும் சேறு படாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெர்லினுக்கு நம்ப முடியவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்தான். சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, பொம்மையைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. உடைந்து கிடந்தவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு சுற்று வந்தான். கூட்டம் எழுந்து கத்தியது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு நிமிஷம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வளையம் வளையம்தான், எண்ணினது எண்ணினதுதான், கடைசியாக ஓடிய வண்டி இது, எனவே வெர்லின் ஸ்டாம்பருக்கே பரிசு என்று அறிவித்தார்கள். வேலிக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்த ஓனீடா ரெண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். வெர்லினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், வண்டி ஓடுது," என்றான் ப்ரூவிட்டிடம். "ஆயுசுக்கும் அனுமதின்னு சொன்னாங்க."

"மோதின பிறகு ஓடினாத்தான் அனுமதி," என்றார் ப்ரூவிட். "இது மோதவே இல்லையே. சோதனை முடியலை, மிஸ்டர் ஸ்டாம்பர். விதின்னா விதி. முடிச்சுத்தான் ஆகணும்."

மோதவிட ஓடுகிற கிராண்ட் மார்ஷல் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அதனால் வாரியம் ரோட்டில் தயாராக நிறுத்தியிருந்த நசுக்குகிற எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். வெர்லின் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். காவலர்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு விரல் பிரியவில்லை, முறிந்தது. எந்திரத்தின் மேல்தட்டு இறங்கியது. முதலில் கண்ணாடி போயிற்று, அப்புறம் கூரை, பிறகு அந்த நாற்காலி உயரச் சீட். உள்ளே இருந்த ரப்பர் பொம்மையின் தலை பிதுங்கி வெளியே வந்து உருண்டு ஓனீடாவின் சக்கரத்தில் முட்டி நின்றது. பயணி உயிர் பிழைக்கவில்லை, சின்ன வண்டி ஆபத்தானது என்பது நிரூபணம் ஆயிற்று என்று ப்ரூவிட் ஒலிபெருக்கியில் சொன்னார். வெர்லின் வாய்விட்டு அழுதான். ஓனீடா அழவில்லை. ப்ரூவிட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். மேலிருந்து கீழே பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

இதில் ஒரு விஷயத்தை வாரியம் மறந்துவிட்டிருந்தது. அந்த வருஷத்துப் பரிசை நன்கொடையாகக் கொடுத்ததே வாரியம்தான். பரிசு, கடையிலிருந்து இன்னும் வெளியே எடுக்காத ஒரு புதுக் கிராண்ட் மார்ஷல். நேப்பியர் நினைவுபடுத்தியதும் ப்ரூவிட் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு குடும்பம் பரப்புக்குள் வந்து சேருகிறது, இதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும் என்று, தானே நேரில் வந்து சாவி கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் வந்தார்கள். வண்டி பாலத்தில் நுழையாது என்பதால் பாலத்தின் முகப்பிலேயே, ரோட்டோரம், மூக்கு பாலத்தைப் பார்க்க, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார்கள். புகைப்படக்காரன், நேப்பியர், வாரியத்து ஆட்கள் ரெண்டு பேர். வெர்லின் கட்டுப்போட்ட விரலோடு நின்றான். வீட்டம்மா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாக இருக்கும் என்று ப்ரூவிட்டுக்குத் தோன்றியது. வெர்லின் வேண்டாம் என்றான். ஓனீடா சரி என்றாள்.

ஏறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கோழிக்கூண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படி மாதிரி அடுக்கினார்கள். உள்ளே கோழிகள் இருந்தன, அவை கதறின. வாரியத்து ஆட்கள் ரெண்டு பேரும் ஓனீடாவின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து, ஒன்று ரெண்டு சொல்லித் தூக்கி, மூட்டையைத் தள்ளுவதுபோல உள்ளே தள்ளினார்கள். அவள் பாவாடை கதவில் மாட்டிக் கிழிந்தது. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குக் கிளட்ச் கிடையாதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லைங்க. ஒரு கால் போதும்," என்றான் நேப்பியர் சந்தோஷமாக.

"ஒரு காலு இருக்கு," என்றாள் ஓனீடா.

ப்ரூவிட் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். முழு வண்டியும் படத்தில் வர வேண்டும் என்று புகைப்படக்காரன் பக்கவாட்டில் தள்ளிப் போனான். சார், இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் தலை வண்டி மூக்குக்குக் கீழே இருக்கிறது, பெட்டியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டான். ப்ரூவிட்டுக்குக் கோபம் வந்தது. வண்டியின் பிரம்மாண்டம் தெரிய வேண்டும், என்னை விடுங்கள் என்றார்.

வெர்லின் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓனீடா முன்பக்கம் குனிந்து கண்ணாடி வழியாக எதையோ பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கியரைப் போட்டாள்.

கிராண்ட் மார்ஷல் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. பின்சக்கரமும் அதே மேட்டில் ஏறி இறங்கியது. அதன் பிறகு பாலத்துக்குள் நுழைந்து ரெண்டு பக்கக் கைப்பிடியையும் பிய்த்துக்கொண்டு நடுவரை போயிற்று. பலகைகள் பொத்துக்கொண்டு மூக்கு ஓடையில் இறங்கி நின்றது. காற்றுப் பைகள் எல்லாப் பக்கமும் உப்பின. வெர்லின் கத்திக்கொண்டே ஓடிக் கதவைத் திறந்தான். ஓனீடா பைகளுக்கு நடுவே மெத்தையில் இருப்பதுபோல இருந்தாள். ஒரு நகம்கூட உடையவில்லை.

"எதாவது மேல ஏறின மாதிரி இருந்துதா?" என்று கேட்டாள்.

ப்ரூவிட்டை எடுத்து மூட ஒரு மேஜைத்துணி போதுமானதாக இருந்தது.

விசாரணை அதே கூடத்தில், அதே நாற்காலிகளோடு நடந்தது. என்ன பார்த்தீர்கள் என்று ஓனீடாவைக் கேட்டார்கள். முன்னால் வானம் தெரிந்தது, மலை தெரிந்தது, மனுஷன் யாரும் தெரியவில்லை என்றாள். வாரியத்து நிபுணர்கள் அதே வண்டியில் ஏறிப் பார்த்து, அவள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை என்று சாட்சி சொன்னார்கள். அறிக்கை வந்தது. பாலம் இடிந்து ஓடையில் விழுந்தும், ஒற்றைக்கால் உள்ள, வயதான, அனுபவம் இல்லாத பெண்மணிக்கு ஒரு கீறல் இல்லை என்பதே பெரிய வண்டியின் பாதுகாப்புக்குச் சாட்சி. வண்டிக்கு வெளியே இருந்தவர் வாரியத்தின் வரம்புக்குள் வரமாட்டார். காலமான இயக்குநரைப் பொறுத்தவரை, அவருடைய உயரம் போதாமல் இருந்ததே விபத்துக்குக் காரணம் என்று அதில் கண்டிருந்தது. இயக்குநரின் நினைவைப் போற்றி அவர் பெயரில் ஒரு புதுத் துறை தொடங்கப்பட்டது. ஸ்டாம்பர் குடும்பத்துக்கு வாரியமே ஆறு மாடு சேர்ந்து போகிற அகலத்தில் கான்கிரீட் பாலம் கட்டிக் கொடுத்து, முன்னதைவிடப் பெரிய கிராண்ட் மார்ஷல் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. நிறுத்த இடம் போதாமல் கோழிக்கொட்டகையை இடித்தார்கள். கோழிகள் மரத்தில் ஏறிக்கொண்டன.

இலையுதிர் காலத்தில் ஒரு காலையில் நேப்பியர் வந்தான். இந்தத் தடவை வண்டியைப் பாலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். சட்டையில் புதுத் துறையின் வில்லை குத்தியிருந்தது. ஓனீடா வராந்தாவில் உட்கார்ந்து ஒரு சேவலுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். வெர்லினிடம் மரியாதையாக அனுமதி கேட்டு, அவனைக் கிராண்ட் மார்ஷலின் மூக்குக்கு முன்னால் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னான். வண்டி மூக்கின் விளிம்பு வெர்லினின் தலைக்கு மேலே போயிற்று. நேப்பியர் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து அவன் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அளந்தான். குறுக்கே தோளையும் அளந்தான். பெருக்கிப் பார்த்தான். நாக்கைத் தட்டினான்.

வெர்லின் கழுத்தை மட்டும் திருப்பினான். "என்ன தம்பி, போதாதா?"

நேப்பியருக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது. குனிந்து இன்னொரு தடவை சரியாக அளந்துவிடலாம் என்று டேப்பின் நுனியைத் தரையில் வைத்தான்.

ஓனீடா சேவலைத் தட்டில் வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கம்பை எடுத்தாள்.

"அவசரமே இல்ல தம்பி, நல்லா குனிஞ்சு அள," என்றாள். "வெர்லின், நீ மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வா. சாவிய எங்க வச்ச?"